அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பியவருக்கு என்னென்ன தேவைப்படும்?

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிற எல்லோரும் வார்டில் சேர்க்கப்படுவதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளியைப் பார்த்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகைப்படுத்துகிறார்கள். சிவப்பு உயிருக்கு ஆபத்தான நிலை. பச்சை சற்றுக் காத்திருக்கக்கூடிய நிலை. பச்சையில் வந்தவர்களில் பலரும், மஞ்சளில் வந்தவர்களில் கணிசமானோரும், சில மணி நேரக் கண்காணிப்புக்குப் பிறகு, தையலோ மாவுக்கட்டோ ஊசியோ போட்டுக்கொண்டு, அன்றைக்கே கையில் ஒரு சீட்டுடன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

'வீட்டுக்குப் போகலாம்' என்று மருத்துவர் சொல்லும்போது அவர் மூன்று முடிவுகளை ஒன்றாக எடுக்கிறார். உடனடியாக உயிரைப் பறிக்கக்கூடிய கோளாறு எதுவும் இப்போது இல்லை என்பது முதலாவது. எஞ்சியிருக்கும் சிகிச்சைக்கு மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை என்பது இரண்டாவது. அந்த எஞ்சிய சிகிச்சையை வீட்டில் செய்துகொள்ள முடியும் என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., எக்ஸ்ரே, ஸ்கேன் என்று சான்றுகள் இருக்கின்றன. மூன்றாவதுக்குப் பெரும்பாலும் எந்தச் சான்றும் இருப்பதில்லை. யாரும் கேட்காமலேயே அது முடியும் என்று வைத்துக்கொள்ளப்படுகிறது. வீட்டில் யார் இருக்கிறார்கள், கழிப்பறை எங்கே இருக்கிறது, மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் யார், இரவில் மோசமானால் வண்டி கிடைக்குமா என்ற கேள்விகளைக் கேட்கும் வழக்கம் நம் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்னும் வேரூன்றவில்லை. கூட்டமும் நெருக்கடியும் அதற்குக் காரணம் என்பது உண்மைதான். ஆனால் முதல் இரண்டு முடிவுகளும் எவ்வளவு சரியாக இருந்தாலும், மூன்றாவது தவறினால் நோயாளி சில நாள்களுக்குள் அதே வாசலுக்குத் திரும்ப வர நேரிடும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா குளியலறையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. எலும்பை நேராக்கி, ஸ்லாப் எனப்படும் அரைக்கட்டுப் போட்டு, கழுத்தில் தூளி மாட்டி, வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, சில நாள்களில் எலும்பு மருத்துவ ஓ.பி.க்கு வரச் சொல்லி அனுப்புகிறார்கள். மருத்துவத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர் வலக்கைப் பழக்கம் உள்ளவர். சர்க்கரை நோய்க்கு இன்சுலினைத் தாமே போட்டுக்கொள்பவர். வீட்டில் கூட இருக்கும் கணவருக்குக் கண்புரை முற்றியிருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவரால் எதெல்லாம் முடியாமல் போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புடவை கட்ட முடியாது. மாத்திரைப் பட்டையை அழுத்திப் பிரிக்க முடியாது. இன்சுலின் குப்பியிலிருந்து சிரிஞ்சில் அளவு பார்த்து மருந்தை இழுக்க முடியாது. கணவருக்கோ சிரிஞ்சின் கோடுகள் தெரியாது. கழிப்பறையில் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்வதுகூட இடக்கையால் செய்யும் வேலை என்பதால் முடியுமே தவிர, தூளியில் தொங்கும் கையோடு உட்கார்ந்து எழுவது பெரும் பாடு. இதனால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சமையல் நின்றுபோவதால் பிஸ்கட்டும் டீயுமாகப் பொழுது போகிறது. இந்த நிலையில் பக்கத்து வீட்டார் யாராவது வழக்கமான அளவிலேயே இன்சுலின் போட்டுவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். போடாமலே விட்டால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். முறிந்த மணிக்கட்டுக்காக வந்தவர் மறுமுறை மயக்கத்தோடு வருவது இப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் ஏன் விழுந்தார்? தரை ஈரமாக இருந்தது என்பதோடு விசாரணை நின்றுவிடுகிறது. சமீபத்தில் பிரஷர் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டு, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றல் வந்திருக்கலாம். படுத்த நிலையிலும், எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். காரணம் சரிசெய்யப்படாமல் வீட்டுக்குப் போகிறவர், இப்போது ஒரு கையை வைத்துக்கொண்டு சமநிலை பேண முடியாத நிலையில், மறுபடியும் விழ வாய்ப்பு முன்பைவிட அதிகம். ஆகவே முதியவர் ஒருவர் விழுந்து அடிபட்டு வந்தால், "எழுந்து நிற்கும்போது பிரஷரைப் பார்த்தீர்களா?" என்று கூட வந்தவர்கள் கேட்பது மிகையல்ல.

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொள்வதிலும் நுணுக்கங்கள் உண்டு. அடிபட்ட கையிலுள்ள வளையலையும் மோதிரத்தையும் வீக்கம் ஏறுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். 'தங்க வளையல், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் மறுநாள் அது வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடும். முதல் இரண்டு மூன்று நாள்களுக்குக் கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே, தலையணைகளின் மீது இருக்க வேண்டும். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும். அசைத்தால் எலும்பு விலகிவிடும் என்று பயந்து விரல்களை அப்படியே வைத்திருப்பவர்களுக்குக் கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் விறைத்துப்போகின்றன. வலி மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போவது, விரல் மரத்துப்போவது, வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, சில்லிடுவது ஆகியவை கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபடுவதைக் காட்டலாம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் திரும்பப் போக வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

இவ்வளவையும் சமாளிப்பதற்கான திட்டம் உருவாக வேண்டிய இடம் மருத்துவமனையின் வாசல்தான். வீட்டுக்கு வந்த பிறகு அல்ல. ஆனால் அந்த நேரத்தில் நோயாளி வலியிலும் களைப்பிலும் இருக்கிறார், உறவினர் பில் கட்டவோ மருந்து வாங்கவோ ஓடிக்கொண்டிருக்கிறார், டியூட்டி டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அதனால்தான் கேள்விகளை முன்கூட்டியே மனதில் வைத்திருப்பது அவசியமாகிறது. என்ன நோய் என்று முடிவு செய்திருக்கிறீர்கள், எது இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, எந்த மருந்து எதற்கு, எத்தனை நாள், எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்ப வேண்டும், அடுத்து யாரை எப்போது பார்க்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் வண்டியில் ஏறக் கூடாது. இவற்றில் பலரும் கேட்கத் தவறுவது இரண்டாவது கேள்வி. வயிற்று வலிக்காக வந்தவருக்கு வலி குறைந்திருக்கலாம், காரணம் தெரிந்திருக்காது. குடல்வால் அழற்சி தொடக்க நிலையில் பரிசோதனைகளில் பிடிபடாமல் இருந்து, மறுநாள் வலது அடிவயிற்றில் வலியாகத் தெரியவரலாம். 'ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்' என்ற நம்பிக்கையில் அந்த வலியைப் பொறுத்துக்கொள்பவர்கள்தாம் ஆபத்தில் சிக்குகிறார்கள்.

மருத்துவர் அல்லது நர்ஸ் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டுவது மிகப் பயனுள்ள பழக்கம். "காலையும் இரவும் இந்த மாத்திரை, சாப்பிட்ட பிறகு, 5 நாள்; காய்ச்சல் வந்தால் இது, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம், சரிதானே?" என்று சொன்னால் தவறு அங்கேயே தெரிந்துவிடும். உலகின் பல மருத்துவமனைகளில் செவிலியர்களே நோயாளியிடம் இப்படித் திருப்பிச் சொல்லுமாறு கேட்கப் பயிற்றுவிக்கப்படுகிறார்கள். இங்கே அவர்கள் கேட்காவிட்டாலும் நாம் செய்யலாம். சொல்லிக் காட்டுபவர் வீட்டில் உண்மையிலேயே பார்த்துக்கொள்ளப் போகிறவராக இருக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். மருத்துவமனையில் பேசி முடிப்பவர் மகன், வீட்டில் மாத்திரை கொடுப்பவர் மருமகள் என்றால், இடையில் பாதித் தகவல் தொலைந்துபோகும். மருமகள் வர முடியாவிட்டால் கைபேசியில் அழைத்தாவது அவரையும் கேட்கச் செய்ய வேண்டும்.

மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிய சீட்டில் இருப்பவை பழைய மாத்திரைகளுக்குப் பதிலா, அவற்றோடு கூடுதலா என்பது பெரும்பாலான சீட்டுகளில் எழுதப்படுவதில்லை. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் வீட்டில் இருப்பது நம் நாட்டில் சர்வ சாதாரணம். மூட்டு வலிக்கு ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையில் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்க, புதிய சீட்டிலும் அதே சேர்க்கை வேறு பெயரில் வந்தால், நோயாளி அறியாமலேயே இரட்டிப்பு அளவு எடுத்துக்கொள்வார். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் போன்றவை முதியவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கக்கூடியவை. வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கே எடுத்துப் போய், புதிய சீட்டோடு சேர்த்துக் காட்டி, எதைத் தொடர்வது எதை நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எதைக் கவனிப்பது, எவ்வளவு நேரம்?

ஒவ்வொரு நோய்க்கும் ஆபத்தான காலம் வேறு. தலையில் அடிபட்டு, ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று அனுப்பப்பட்டவரோடு முதல் 24 மணி நேரமாவது பொறுப்பான ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழுந்திருக்காத தூக்கம், குழறும் பேச்சு, கை கால் பலவீனம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே திரும்ப வேண்டும். தலையில் அடிபட்டவரைத் தூங்கவே விடக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள், அது தேவையில்லை. மருத்துவர் சொன்ன இடைவெளியில் எழுப்பி, பெயரும் இடமும் கேட்டு, சரியாகப் பதில் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிற முதியவர் என்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். அவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில வாரங்களுக்குப் பிறகுகூடக் குழப்பமாகவோ நடைத் தடுமாற்றமாகவோ வெளிப்படலாம். வயதாகிவிட்டது என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது.

டெங்கு காய்ச்சலில் கணக்கு தலைகீழ். காய்ச்சல் இறங்கியதும் குடும்பம் நிம்மதி அடைகிறது. ஆனால் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்களில்தான் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகக்கூடும். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, அளவுமீறிய சோர்வு அல்லது அமைதியின்மை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது ஆகியவை திரும்பச் சேர்க்க வேண்டிய அறிகுறிகள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே கொடுக்க வேண்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும்.

சர்க்கரை தாழ்ந்து மயங்கி, குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தவர் பலரின் பார்வையில் முழுதாகக் குணமானவர். அவர் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், மாத்திரையின் வேலை ஒரு நாளோ அதற்கு மேலோ நீடித்து, ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி சர்க்கரை தாழும்; சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இன்னும் நீளும். இவர்களை மருத்துவமனையிலேயே வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. அனுப்பிவிட்டார்கள் என்றால், அடுத்த வேளை மாத்திரையைப் போடலாமா என்று கேட்காமல் கிளம்பவே கூடாது. வீட்டில் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நினைவும் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஆஸ்துமாவில் நெபுலைசர் வைத்ததும் இரைப்பு அடங்கிவிடும்; மூச்சுக்குழல் அழற்சி அடங்க நாள்கள் ஆகும். அதற்காகவே பிரெட்னிசலோன் மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு எழுதுகிறார்கள். இரண்டாம் நாளே நிறுத்துவது திரும்ப மூச்சிரைப்பதற்கு எளிய வழி. நாய்க்கடியில், மறக்கக் கூடாதது தடுப்பூசித் தேதிகள்: முதல் நாளை 0 என்று வைத்து, தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்கள். காயம் ஆறிவிட்டது என்று கடைசி ஊசியைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வெறிநோய் வந்த பிறகு அதற்குச் சிகிச்சை இல்லை என்பதால் இதில் இரக்கம் பார்க்காமல் வற்புறுத்தத்தான் வேண்டும்.

வீடும் சாப்பாடும் ஆள் துணையும்

நடக்கச் சிரமப்படுபவரை மாடி அறையில் கிடத்துவதைவிட, கழிப்பறைக்கு அருகே கூடத்திலேயே கட்டிலைப் போடுவது நல்லது. இரவில் வழியெல்லாம் சிறு விளக்கு எரிய வேண்டும். கால்மிதியும் தரை விரிப்பும் தடுக்கிவிடும் என்பதால் கொஞ்ச நாளைக்குச் சுருட்டி வைத்துவிடலாம். ஊன்றுகோலை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். இது பலருக்கும் தெரிவதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர்க் குழாயோடு வந்தவரின் பை எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் நாம் செய்யும் தீங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பருப்பும் முட்டையும் புண்ணில் சீழ் வைக்கும் என்று நிறுத்திவிட்டு வெறும் ரசம் சாதம் கொடுக்கிறார்கள். புண் ஆறப் புரதச்சத்து வேண்டும், அதைத் தருவது அந்தப் பருப்பும் முட்டையும்தான். பார்க்க வருகிறவர்கள் அன்போடு வாங்கி வரும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். இதயப் பலவீனத்தால் மூச்சுத் திணறி வந்து தெளிந்தவரைத் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடலில் நீர் சேர்கிறது என்று பொருள், மூச்சு வாங்கும் வரை காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து கிடைக்கும் உதவியும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது; இயன்முறை சிகிச்சையும், தீராத நோயால் படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே தரப்படுகின்றன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய தகவல் தானாக அந்தத் திட்டத்தின் பணியாளர்களைச் சென்றடையும் என்று காத்திருக்காமல், டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவர் போய்ச் சொல்வது நல்லது. சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம். ஆபத்து என்றால் 108. விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு இன்னுயிர் காப்போம் திட்டத்தின் மூலம் அரசு பொறுப்பேற்கிறது. அதற்குப் பிந்தைய வீட்டு நாள்களுக்கும் அதே அக்கறையோடு ஓர் ஏற்பாடு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறைந்தது, அனுப்பிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஒரு செவிலியர் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கலாம்.

அது வரும் வரை முழுச் சுமையும் வீட்டில் ஒருவர் மேல், பெரும்பாலும் ஒரு பெண்ணின் மேல், விழுகிறது. இரவு முழுக்க விழித்திருந்து, காலையில் சமைத்து, வேலைக்கும் போகிறவர் மாத்திரை நேரத்தை மறந்தால் அது அவர் குற்றமல்ல. முதல் மூன்று இரவுகளுக்காவது முறை வைத்துக்கொண்டு விழித்திருக்க இன்னொருவரை ஏற்பாடு செய்வதும், மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட அளவு, காய்ச்சல், சிறுநீர் போன நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் நோயாளிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பார்த்துக்கொள்பவருக்கும் தேவை.

அந்த நோட்டு மறுபரிசோதனை நாளன்று மருத்துவருக்கும் உதவும். நோயாளி தேறிவிட்டதாகத் தோன்றினாலும் அந்த நாளைத் தவறவிடக் கூடாது. மாவுக்கட்டுக்குள் எலும்பு விலகியிருப்பதும், எடுக்காமல் விட்ட தையலில் சீழ் பிடிப்பதும், அனுப்பிய பிறகு வந்த ரத்தப் பரிசோதனை முடிவும் அன்றுதான் தெரியவரும். இடையில் நிலைமை மோசமாகித் திரும்ப நேர்ந்தால், முடிந்தவரை முதலில் பார்த்த மருத்துவமனைக்கே பழைய சீட்டு, ஸ்கேன், மாத்திரைப் பை, நோட்டு எல்லாவற்றோடும் போவது நல்லது. போனதும், "இரண்டு நாளைக்கு முன் இங்கேதான் வந்தோம், இது புதிதாக வந்திருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்; திரும்ப வந்த நோயாளியை மருத்துவர் புதிய கண்ணோடு, கூடுதல் கவனத்தோடு பரிசோதிக்க அது உதவும்.